ஆயிரம் மீட்டருக்குக் கீழே

மனிதர்களை மூன்று விநாடி பார்ப்பது என் வேலை. இரண்டாயிரத்து நூறு மீட்டர் உயரத்தில், இழுவை லிஃப்ட்டின் உச்சியில் ஒரு மரக்கூண்டு. அதற்குள் ஒரு நாற்காலி, ஒரு மின்சார அடுப்பு, ஒரு சிவப்புப் பொத்தான், நான். கீழேயிருந்து கம்பியில் தொங்கியபடி நங்கூரம் போன்ற கட்டைகள் வரிசையாக ஏறி வரும். ஒரு கட்டைக்கு இரண்டு பேர். கட்டையில் பின்புறத்தைச் சாய்த்து, காலில் மாட்டிய நீள ஸ்கீக்கள் பனியில் உரச, தோளோடு தோள் இடித்துக்கொண்டு வருவார்கள். என் ஜன்னலுக்கு நேரே கட்டையை விட்டுவிட்டு இடப்பக்கம் ஒதுங்க வேண்டும். ஒதுங்கினால் எனக்கு வேலையில்லை. விழுந்தால் பொத்தானை அமுக்க வேண்டும்.

ஒரு நாளைக்கு இரண்டாயிரம் பேருக்கு வணக்கம் சொல்கிறேன். திருப்பிச் சொல்பவர்கள் ஏழெட்டுப் பேர் தேறுவார்கள். அதிலும் பாதிப் பேர் பக்கத்தில் வந்தவரிடம் ஏதோ சொன்னதாக இருக்கும்.

இதற்கு முன்பு நான் ஸ்கீ ஆசிரியன். வலது முழங்கால் இரண்டு முறை கிழிந்தது. இரண்டாம் முறை, முழங்கால் கிழியாமல் விழுவது எப்படி என்று பதினான்கு பேருக்குச் செய்து காட்டிக்கொண்டிருந்தேன். அதோடு கூண்டுக்கு வந்தேன். ஒன்பது குளிர்காலம் ஆகிவிட்டது. வீட்டிலும் கூட்டம் இல்லை. பதினோரு வருடத்துக்கு முன்பு என் மனைவி பல் மருத்துவரைப் பார்க்க இன்ஸ்ப்ரூக் போனாள். இன்னும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே ஒரு நாளில் என்னோடு மூன்று விநாடிக்கு மேல் பேசியவர் ஒரே ஒருவர். காலை எட்டு நாற்பதுக்கு, அன்றைய முதல் ஆளாக, ஒரு கட்டையின் ஒரு பாதியில் தனியாக வருவார். ஓத்மார் பிளாங்கர். எழுபத்திரண்டு வயது. மாவட்ட ஆட்சி அலுவலகத்தில் முப்பத்தெட்டு வருடம் இருந்து, ஓய்வு பெறும்போது 'ஹோஃப்ராட்' பட்டத்தோடு வெளியே வந்தவர். ஹோஃப்ராட் என்றால் அரசவை ஆலோசகர். அரசரை நாங்கள் மூட்டை கட்டி அனுப்பி நூறு வருடத்துக்கு மேல் ஆகிறது. ஆலோசகர்கள் மட்டும் இன்னும் வந்துகொண்டே இருக்கிறார்கள்.

தனி ஆளாக ஏறினால் அந்தக் கட்டை ஒரு பக்கமாக இழுக்கும், இடுப்பு பிடித்துக்கொள்ளும். "வரிசையில யாரையாவது சேத்துக்கோயேன், ஓத்மார்," என்றேன் ஒருமுறை.

"ஹெட்விக் உயரத்துக்கு யாரும் அமையல," என்றார். ஹெட்விக் அவர் மனைவி. பத்து வருடத்துக்கு முன்பு இறந்துபோனார்.

அந்த ஒரு வாக்கியத்துக்காக இவருடைய மற்ற எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்று தோன்றியது. அடுத்த வாக்கியத்தில், என் கூண்டு வாசலில் நான் பனி அள்ளியிருந்த சாய்வு மூன்று பாகை தவறு என்றார்.

நான் அவரைப் பெயர் சொல்லி 'நீ' என்றழைப்பதைப் பார்த்துப் பதறவேண்டாம். எங்கள் பக்கத்தில் ஆயிரம் மீட்டருக்கு மேல் எல்லாரும் 'நீ'தான். மந்திரியும் நீ, மாடு ஓட்டுகிறவனும் நீ. கீழே இறங்கியதும் அவரவர் பட்டத்தை எடுத்து அவரவர் மாட்டிக்கொள்ளலாம். கீழே 'நீ' வேண்டுமென்றால் அதற்கு ஒரு முறை இருக்கிறது: வயதில் பெரியவர்தான், பதவியில் பெரியவர்தான், அதை முதலில் தரவேண்டும். இரண்டு கிண்ணத்தில் ஷ்னாப்ஸ் என்கிற பழச்சாராயம் ஊற்றி, தன் பெயரை மட்டும் சொல்லி, கை நீட்டுவார். சின்னவன் கேட்க முடியாது, காத்திருக்கத்தான் முடியும். எங்கள் ஊர் எழுநூற்று எண்பது மீட்டரில் இருக்கிறது. அங்கே ரொட்டிக்கடையில், தபால் அலுவலகத்தில், தேவாலய வாசலில் அவர் 'ஹோஃப்ராட் ஐயா'. விடுதியில் அவர் உட்காரும் மேசையில் வேறு யாரும் உட்காருவதில்லை. ஒருமுறை பீர்க் கோப்பையில் அளவுக் கோட்டுக்கும் நுரைக்கும் நடுவே இருந்த இடைவெளியை அளந்து புகார் எழுதியிருக்கிறார்.

அந்த ஆயிரம் மீட்டரையும் அவர் விட்டுவைக்கவில்லை. மலைச்சாலையில், மேலேயிருந்து ஆறாவது வளைவில் பூப்படம் போட்டு '1000 மீ' என்று ஒரு பலகை வைத்திருக்கிறார்கள். அவர் மணிக்கட்டில் உயரமானி உண்டு. "பலகை பதினோரு மீட்டர் கீழ நிக்குது, காசியன். உண்மையான ஆயிரம் மேல இருக்கிற அந்த லார்ச் மரத்துக்கிட்ட. நாலு கடிதம் போட்டாச்சு."

"அப்ப அந்தப் பதினோரு மீட்டருக்கு உன்னை என்னன்னு கூப்பிடணும்?"

"அங்க யாரும் என்னைக் கூப்பிட வேண்டிய அவசியம் வரல," என்றார்.

இனி அவர் சறுக்குவதைச் சொல்ல வேண்டும். இரண்டு முழங்காலையும் ஒட்டவைத்து, இரண்டு காலும் ஒரே காலாகி, இடுப்பை மட்டும் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வெட்டி வெட்டி இறங்குவார். எழுபதுகளில் அதுதான் அழகு. நானே அப்படித்தான் கற்றேன். ஆனால் ஸ்கீ மாறிவிட்டது. இப்போது வருவது நடுவில் ஒடுங்கியது. விளிம்பில் சாய்த்தால் தானே வளைந்து போகும். அதில் காலை ஒட்டிவைத்தால் ஒரு விளிம்பு மற்றொன்றின் மேல் ஏறிவிடும். பனி மென்மையாக இருக்கும்வரை தெரியாது. இறுகினால் தெரியும்.

"காலை இடுப்பகலத்துக்கு விரி, ஓத்மார். எடையை வெளிக்கால்ல போடு. பின்னால சாயாத."

"காலை விரிச்சுக்கிட்டுப் போறது மாட்டுக்கொட்டாய் நடை."

"நான் மாட்டுக்கொட்டாய்லதான் பொறந்தேன். எனக்கு அது தப்பாத் தெரியல."

"மாவட்ட அலுவலர் போட்டியில நான் வெண்கலம் வாங்கினவன். நாப்பது வருஷமா இப்படித்தான் இறங்கறேன்."

"நாப்பது வருஷம் ஒரே தப்பைப் பண்ணினா அதுக்குப் பேரு அனுபவம் இல்ல. அரசு உத்தியோகம்."

அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். என் பேச்சில் ஒரு பிழையைத் திருத்திவிட்டு, இடப்பக்கப் பையைத் தட்டிப் பார்த்துக்கொண்டு கிளம்புவார். அந்தப் பையில்தான் அட்டைகள் இருந்தன. சறுக்குத்தடத்தில் நடந்துகொள்ள வேண்டிய பத்து விதிகளை நான்கு மொழியில் அச்சடித்து, பிளாஸ்டிக் உறை போட்டு, தன் செலவில் ஐந்நூறு அட்டை செய்து வைத்திருந்தார். மேட்டுக்குக் கீழே மறைவான இடத்தில் நின்று கதை பேசுகிறவர்களுக்கு ஒன்று. அடுத்தவனை உரசிக்கொண்டு முந்துகிறவனுக்கு ஒன்று. திரும்பிப் பார்க்காமல் தடத்துக்குள் நுழைகிறவனுக்கு ஒன்று. எனக்கு மூன்று முறை கொடுத்திருக்கிறார், நான் கூண்டைவிட்டு நகராதவன் என்பதைப் பொருட்படுத்தாமல்.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின நாள் வெயிலில் இளகிய பனி இரவில் உறைந்து, காலையில் தடம் கண்ணாடி மாதிரி கிடந்தது. என் ஜன்னலுக்குக் கீழே தடம் ஒடுங்கி ஒரு தோள்பட்டை போல வளையும். அங்கே பச்சைச் சட்டைக்காரர் ஒருவர், புதிதாகக் கற்றுக்கொண்டவர், ஸ்கீ முனைகளை ஆப்பு மாதிரி சேர்த்துக்கொண்டு, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம்வரை மெதுவாகப் போய்க்கொண்டிருந்தார். மேலேயிருந்து ஓத்மார், இரண்டாவது சுற்று.

முன்னால் போகிறவனுக்கே வழி. பின்னால் வருகிறவன்தான் பார்த்துப் போகவேண்டும். அட்டையில் அது மூன்றாவது விதி. ஓத்மார் இடப்பக்கம் கொஞ்சூண்டு இடம் பார்த்து நுழைந்தார். பச்சைச் சட்டை அதே நேரம் இடப்பக்கம் திரும்பியது. ஓத்மார் விலகப் பார்த்தார். உள் விளிம்பு மற்ற ஸ்கீமேல் ஏறியது. அவர் தோள் அந்த மனிதரின் முதுகில் இடித்தது. பச்சைச் சட்டை குப்புற விழுந்து, ஒரு ஸ்கீ கழன்று தனியாக இறங்கிப் போயிற்று.

ஓத்மார் விழவில்லை. இருபது மீட்டர் கீழே நின்றார். திரும்பிப் பார்த்தார். பிறகு இடம், வலம், மேலே. என் ஜன்னலில் வெயில் பட்டுக்கொண்டிருந்ததால் நான் அவருக்குத் தெரிந்திருக்க மாட்டேன். அப்படியே கொஞ்ச நேரம் நின்றார். பிறகு, காலை ஒட்டிவைத்துக்கொண்டு, போய்விட்டார்.

கதவைத் திறந்து, "அடி பட்டுச்சா?" என்று கத்தினேன். பச்சைச் சட்டை உட்கார்ந்தபடியே கட்டைவிரலை உயர்த்திக் காட்டியது.

எனக்கு முதலில் வந்தது கவலை இல்லை, சந்தோஷம். ஒன்பது குளிர்காலமாக நான் காத்துக்கொண்டிருந்தது இதற்குத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது.

அரை மணி நேரம் கழித்துப் பச்சைச் சட்டை லிஃப்ட்டில் மேலே வந்து, நேராக என் ஜன்னலில் தட்டியது. டச்சுக்காரர், பெயர் வீபே. கையில் ஒரு அட்டை.

"இது இங்க யாரோடது? என்னை இடிச்சவர் குடுத்துட்டுப் போனார்."

"குடுத்தாரா?"

"விழுந்து எழுந்து பாத்தா பக்கத்துல கிடக்குது. பேரும் விலாசமும் இருக்கும்னு நெனச்சேன். பாத்தா பத்து விதி. தப்பு என்மேலங்கறாரா?"

"இல்லப்பா. அவரு எல்லாருக்கும் குடுப்பாரு."

"இடிக்கிறதுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

சிரித்தோம். இடது மணிக்கட்டு லேசாக வீங்கியிருந்தது. மருத்துவரிடம் காட்டச் சொன்னேன். "அதெல்லாம் வேணாம், எங்க நாட்டுல மலையே கிடையாது. இடிபட்டதும் ஒரு அனுபவம்தான்," என்றார். அட்டையை என்னிடமே விட்டுவிட்டுப் போகும்போது கேட்டார்: "ஆளு யாருன்னு தெரியுமா?"

"தெரியாது," என்றேன்.

அட்டையில் பத்தாவது விதி: விபத்தில் சம்பந்தப்பட்டவர் மட்டுமில்லை, பார்த்தவரும் தன் விவரத்தைச் சொல்லவேண்டும். நான் சொல்லவில்லை. ஓத்மாரைக் காப்பாற்ற என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில், கையில் கிடைத்ததை வேறு யாருக்கும் பங்கு கொடுக்க எனக்கு மனமில்லை.

அன்று மாலை ரேடியோவை அணைத்துவிட்டு உட்கார்ந்து, காலையில் ஓத்மாரிடம் சொல்லவேண்டிய வாக்கியத்தைத் தயார் செய்தேன். மூன்று நான்கு விதமாகச் சொல்லிப் பார்த்து, கடைசியில் சின்னதாக ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன்.

மறுநாள் எட்டு நாற்பது. பாதிக் கட்டையில் ஓத்மார். வாசல் பனியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "வணக்கம், காசியன்," என்று மட்டும் சொன்னார். நான் ஜன்னல் வழியாக அட்டையை நீட்டினேன்.

"ஓத்மார், பத்தாவது விதி என்ன சொல்லுது, கொஞ்சம் வாசியேன். நான் கண்ணாடி கொண்டு வரல."

அட்டையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு வாசித்தார். முழுதாக, நிறுத்தி, அலுவலகத்தில் உத்தரவு வாசிக்கிற குரலில். முடித்ததும் அட்டையைக் கையுறையால் துடைத்தார்.

"அவருக்குப் பலமா அடியா?"

"மணிக்கட்டு லேசா. சிரிச்சுக்கிட்டே போயிட்டாரு."

"நீ பாத்துக்கிட்டிருந்தியா?"

"ஜன்னல் எதுக்கு இருக்கு?"

"யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்ல."

"சொல்லியிருக்கணும்," என்றார். அட்டையை வலப்பக்கப் பையில் வைத்துக்கொண்டு போனார். அன்று முழுவதும் நான் நல்ல உற்சாகத்தில் இருந்தேன். வியாழன் என் விடுமுறை. வெள்ளிக்கிழமையும் அவர் எட்டு நாற்பதுக்கு வந்தார், வணக்கம் சொன்னார், இறங்கிப் போனார். சனிக்கிழமை வரவில்லை.

சனிக்கிழமை பனி வண்டியில் வந்தது ரோஸ்விதா. லிஃப்ட் நிறுவனத்தின் மேலாளர். மேலே ஏறி வந்து பேசுகிற வழக்கமில்லை அவளுக்கு, எதுவானாலும் போனில் கத்துவாள். உள்ளே வந்து அடுப்பின்மேல் கையை நீட்டிக்கொண்டாள்.

"உன் ஹோஃப்ராட் கடிதம் போட்டிருக்காரு. பதிவுத் தபால்ல. நாலு பக்கம்."

"யாரைப் பத்தி?"

"தன்னைப் பத்தியே. தன்மேல தானே புகார். சாய்வு எத்தனை பாகைன்னு கணக்குப் போட்டு, அளவுகோல் வச்சுப் படம் வரைஞ்சிருக்காரு. இவரு இங்க, டச்சுக்காரர் அங்க, அம்புக்குறி வேற. 'புகார் செய்பவர்'னு ஒரு கையெழுத்து, 'புகாருக்கு உள்ளானவர்'னு கீழ இன்னொரு கையெழுத்து. ரெண்டுலயும் பட்டத்தோட."

எனக்குச் சிரிப்பு வரவேண்டும். வரவில்லை.

"கிழிச்சுப் போடேன்."

"ஏண்டா, பதிவுத் தபாலைக் கிழிக்க முடியுமா? நகல் பஞ்சாயத்துக்கும் போயிருக்கு. நான் அந்த டச்சுக்காரரையே போய்ப் பாத்தேன். மனுஷன் விடுதியில உக்காந்து வறுத்த உருளைக்கிழங்கு சாப்பிட்டுக்கிட்டிருக்காரு, 'எந்த விபத்து?'ங்கறாரு. எனக்கும் விட்டுடத்தான் ஆசை, ஆனா எண் போட்ட கடிதம் வந்தா நான் எண் போட்ட பதில் போடணும். இடிச்சுட்டு நிக்காமப் போனா சீசன் முடியறவரைக்கும் லிஃப்ட் பாஸ் ரத்து. அந்த விதியை எழுதினது யாருன்னு தெரியுமா? கமிட்டியில உக்காந்து, 'ஒரு வாரம் போதாது, சீசன் முழுக்க'ன்னு அடம்புடிச்சது?"

எனக்குத் தெரிந்தது.

"ஏப்ரல் பதினாலு வரைக்கும் அவரு பாஸ் செல்லாது. லிஃப்ட்டுக்கும் செல்லாது, ஸ்கீ பஸ்ஸுக்கும் செல்லாது," என்றாள். "கடிதத்துல சாட்சின்னு உன் பேரு வேற போட்டிருக்காரு. நீ ஏண்டா சொல்லல? உனக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதம் வரும். என்னைத் திட்டாத."

"அவரு சாட்சியைப் பத்தி என்ன எழுதியிருக்காரு?"

அவள் யோசித்தாள். "'விதியை எனக்கு உரிய நேரத்தில் நினைவூட்டியவர்'னு எழுதியிருக்காரு."

ரோஸ்விதா போனபிறகு பெண் ஒருத்தி ஜன்னலுக்கு முன்னால் விழுந்தாள். பொத்தானை அமுக்க இரண்டு விநாடி தாமதமாகிவிட்டது. நல்லவேளை, ஒன்றும் ஆகவில்லை.

அதன்பிறகு எட்டு நாற்பதுக்குக் காலிக் கட்டைகள் வந்தன. காலியாக வரும் கட்டை மேலே சக்கரத்தில் திரும்பும்போது ஒரு சத்தம் போடும், ஆள் இருந்தால் அது கேட்காது. ஒன்பது மணிக்கு இரண்டிரண்டு பேராக வர ஆரம்பித்தார்கள், வணக்கம் சொன்னேன். வாசல் பனியை வேண்டுமென்றே மூன்று பாகை தவறாக அள்ளி வைத்தேன். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாலாம் நாள் சரியாக அள்ளினேன். அதற்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

அந்த மனிதர் ஏன் முதல் பஸ்ஸில் ஏறிக் கடைசி பஸ்ஸில் இறங்கினார் என்று ஒன்பது வருடம் நான் கேட்டுக்கொண்டதே இல்லை. சறுக்கும் ஆசை என்று நினைத்திருந்தேன். சறுக்குவது ஒரு நாளைக்கு ஆறு சுற்று, மிஞ்சினால் ஏழு. மீதி நேரமெல்லாம் யாராவது ஒருவனை நிறுத்தி, அட்டை கொடுத்து, "இங்க நிக்காத," என்று சொல்லி, "உனக்கென்னய்யா," என்று திட்டு வாங்கிக்கொண்டிருந்தார். அந்தத் திட்டிலும் அவர் 'நீ'தான்.

வியாழக்கிழமை எனக்கு விடுமுறை. புகைபோட்ட பன்றி இறைச்சி ஒரு துண்டு வாங்கிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். வாசலில் பித்தளைத் தகடு, மெருகு குறையாமல். பகல் பதினொரு மணிக்குக் கோட்டும் டையுமாகக் கதவைத் திறந்தார்.

"ரோஃப்னர் சார்! எதிர்பாக்கல. உள்ள வாங்க."

ரோஃப்னர் என் குடும்பப் பெயர். வரிக் கடிதங்கள் தவிர யாரும் என்னை அப்படிக் கூப்பிடுவதில்லை.

"தொந்தரவுக்கு மன்னிக்கணும், ஹோஃப்ராட் ஐயா," என்றேன். என் வாய்தான் சொன்னது.

உட்கார்ந்தோம். மேசையோரம் ஒரு அட்டைப்பெட்டி, அதில் மீதி விதி அட்டைகள். சுவரில் ஒரு ஜோடி பெண்கள் ஸ்கீ, நீளமானது.

"மேல பனி எப்படி இருக்கு?"

"நல்லா இருக்குங்க."

"கூட்டம்?"

"பரவாயில்லைங்க."

"உங்க முழங்கால்?"

"அப்படியே இருக்குங்க."

கடிகாரம் அடித்தது. அவருடைய பெட்டியைப் பற்றி, டையைப் பற்றி, தன்மேல் தானே எழுதிய நாலு பக்கத்தைப் பற்றி என்னிடம் பத்துக் கேலியாவது தயாராக இருந்தது. எல்லாம் 'நீ'க்குச் செய்தது. 'நீங்க' போட்டுச் சொல்லிப் பார்த்தேன், மனசுக்குள், ஒன்றும் நிற்கவில்லை. மன்னிப்புக் கேட்க வந்திருந்தேன். அதற்கும் அதே கதிதான்.

அப்போது அவர் எழுந்து அலமாரியைத் திறந்தார். ஷ்னாப்ஸ் பாட்டில், இரண்டு சின்னக் கிண்ணம். இரண்டிலும் ஊற்றினார். ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். வலது கையைக் காலியாக வைத்துக்கொண்டேன். அவர் கிண்ணத்தை எடுத்தார். வாயைத் திறந்தார். மணிக்கட்டிலிருந்த உயரமானியை ஒருமுறை பார்த்தார்.

"உங்க நலத்துக்கு, ரோஃப்னர் சார்."

"உங்க நலத்துக்கு, ஐயா."

குடித்தோம். பதினொன்று இருபதுக்கு நான் தெருவில் இருந்தேன்.

அடுத்த புதன்கிழமை மாலை ஐந்தேகாலுக்கு என் காரில் மலைச்சாலையில் இறங்கிக்கொண்டிருந்தேன். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை. ஆறாவது வளைவுக்குக் கொஞ்சம் மேலே, லார்ச் மரத்தடியில், ஒரு உருவம் ஊன்றுகோலை உயர்த்திக் காட்டியது. தொப்பி, கழுத்துத்துணி, நடக்கிற பூட்ஸ். ஊரிலிருந்து அதுவரை இருநூற்றுச் சொச்சம் மீட்டர் ஏற்றம். எழுபத்திரண்டு வயதுக்கு ஒரு மணி நேர நடை.

நிறுத்திக் கண்ணாடியை இறக்கினேன்.

"என்னப்பா காசியன், அஞ்சு பத்துக்கே வந்திருக்கணுமே. கடைசிக் கட்டையில எவனாவது விழுந்தானா?"

"நீ என்ன, பஸ் நிறுத்தமா வச்சிருக்க இங்க?" என்றேன்.

"பலகைக்கிட்டதான் நின்னேன் முதல்ல. அப்புறம் மானியைப் பாத்தேன். அங்க நின்னு பேசறது சரியில்ல." கையைத் தட்டிப் பனியை உதறினார். "அன்னிக்கு நீ வந்தது... ஊத்தினேன், சொல்லத்தான் நெனச்சேன். அந்த வீட்டுக்குள்ள ஹெட்விக் தவிர யாரையும் நான் 'நீ'ன்னு சொன்னதில்ல, காசியன். வாய் வரல."

"பரவால்ல, விடு. நானும்தான் சொல்லணும். அன்னிக்கு அந்த அட்டையை நான் அப்படி—"

"அட்டை சரி. நீ வாசிக்கச் சொன்னது சரி." ஊன்றுகோலைப் பனியில் குத்தினார். "நான் நின்னேன் தெரியுமா, அந்த ஆளு விழுந்ததும்? பேரைச் சொல்லணும்னு நின்னேன். இத்தனை வருஷமா 'ஹோஃப்ராட் டாக்டர் பிளாங்கர்'னு சொல்லித்தான் பழக்கம். அதைச் சொல்லிக்கிட்டே எப்படி மன்னிப்புக் கேக்கறதுன்னு தெரியல. யோசிச்சுக்கிட்டே இருந்தேன். அதுக்குள்ள கால் கிளம்பிடுச்சு."

"வெறும் 'ஓத்மார்'னு சொல்லியிருக்கலாம்."

"இப்பத் தெரியுது."

ஒரு காகம் மரத்திலிருந்து பனியைத் தள்ளிவிட்டுப் பறந்தது. அவர் சாலையோரத்துப் பனியில் இறங்கி, கால் இரண்டையும் ஒட்டிவைத்து, என்னைப் பார்த்து நின்றார்.

"சொல்லு. எவ்வளவு விரிக்கணும்?"

"என்னது?"

"காலைத்தான்பா. ஏப்ரலுக்கப்புறம் அடுத்த டிசம்பர் வருதில்ல."

எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கினேன். "இடுப்பகலம்."

இரண்டு விரல் அளவு விரித்தார்.

"அது எலியோட இடுப்பு. இன்னும்."

இன்னும் கொஞ்சம்.

"இன்னும். மாட்டுக்கொட்டாய் அளவுக்கு."

விரித்தார். முகம் தண்டனை பெற்றவர் முகம் மாதிரி இருந்தது. "இப்ப?"

"முழங்காலை மடக்கு. உடம்பை முன்னால கொண்டு வா, பின்னால உக்காராத. இடப்பக்கம் திரும்பறேன்னு வச்சுக்கோ. எடை முழுக்க வலது கால்ல. வெளிக்கால்ல."

"திரும்பறது இடப்பக்கம். எடை வலப்பக்கம். இது தர்க்கமா?"

"தர்க்கம் இல்ல, பனி. போடு எடையை."

போட்டார். தடுமாறி என் தோளைப் பிடித்துக்கொண்டு, மறுபடி போட்டார். வலது, இடது, வலது. பூட்ஸ் பனியில் பள்ளம் பறித்தது. அப்போது மேலேயிருந்து கடைசி ஸ்கீ பஸ் வந்தது. ரொட்டிக்கடைக்காரி, தபால்காரர், பாதி ஊர் அதில் இருந்தது. ஜன்னலெல்லாம் முகம். ஹோஃப்ராட் ஐயா சாலையோரம் கால் விரித்து, குந்தினாற்போல, லிஃப்ட்காரன் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

காலைச் சேர்த்துவிடுவார் என்று நினைத்தேன். சேர்க்கவில்லை. பஸ் வளைவில் மறையும்வரை அப்படியே நின்று, "முழங்கால் இவ்வளவு மடங்கினாப் போதுமா?" என்று கேட்டார்.

"போதும். நல்லா இருக்கு."

"பொய் சொல்லாத."

"சரி, கேவலமா இருக்கு. ஆனா சரியா இருக்கு."

இருட்டத் தொடங்கியதும் காரில் ஏறினார். அந்தப் பதினோரு மீட்டரையும் சேர்த்து, பலகைவரை பேசிக்கொண்டே வந்தார்: வாசல் பனியை எப்படி அள்ளுகிறேன், மூன்று பாகை சரியாயிற்றா, காலையில் முதல் ஆள் இப்போது யார். யாருமில்லை என்றேன். பலகை விளக்கு வெளிச்சத்தில் வந்து, கடந்து, பின்னால் போயிற்று. அவர் பேச்சும் அதோடு நின்றது. கழுத்துத்துணியைச் சரிசெய்துகொண்டார். நான் ரேடியோவைத் தொடப்போய்க் கையை எடுத்துக்கொண்டேன். ஏழாவது வளைவு, எட்டாவது வளைவு.

"ரோஃப்னர் சார், வேகம் கொஞ்சம் அதிகம்."

"மன்னிக்கணும், ஐயா."

பித்தளைத் தகட்டுக்கு முன்னால் நிறுத்தினேன். இறங்கி, தொப்பியைக் கொஞ்சம் தூக்கி நன்றி சொன்னார். கதவைச் சாத்தவில்லை. பிடித்துக்கொண்டு நின்றார். வீட்டுக்குள் ஒரு விளக்கும் எரியவில்லை.

"நாளைக்கும் அஞ்சே காலுக்குத்தான் இறங்குவீங்களா, ரோஃப்னர் சார்?"

"நாளைக்கு வியாழன், எனக்கு விடுமுறைங்க." அவர் முகத்தைப் பார்த்தேன். "ஆனா மேல கொஞ்சம் வேலை இருக்குங்க. போய்ட்டு வருவேன்."

"நான் சில நாள் அந்தப் பக்கமா நடக்கறது உண்டு," என்றார்.

"அப்படிங்களா," என்றேன். "எனக்குத் தெரியாதுங்க."